30வது அப்ரண்டிஸ்: பேய் விரட்டுறவர்கிட்ட வேலைக்குச் சேர்ந்த பையன்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கு முடிந்த அளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல கேட்டிருந்தீங்க, "டிராகன், வாள், ராஜகுமாரன் இல்லாத ஃபேன்டஸி ஏதாவது பேசுங்க"ன்னு. பேசலாம். இன்னிக்கு ஒரு வேலையைப் பத்திப் பேசப்போறோம். வேலைன்னா நிஜமாவே வேலை. முதல்ல அதோட ஜாப் டிஸ்கிரிப்ஷன் சொல்றேன், கேளுங்க.

வேலை நேரம் பெரும்பாலும் ராத்திரி. வாரத்துக்குப் பல மைல் நடக்கணும், முதலாளியோட பையையும் நீங்கதான் தூக்கணும். சம்பளம் கிடையாது, உங்களைச் சேர்த்துக்கறதுக்கு உங்க அப்பாதான் பணம் கட்டணும். பெரிய வேலைக்கு முந்தி சாப்பாடும் கிடையாது, ஒரு துண்டு சீஸ் மட்டும். உங்களுக்கு முன்னாடி 29 பேர் இதே இடத்துக்கு வந்திருக்காங்க. சில பேருக்கு வேலை சரியா வரல. சில பேர் ஓடிட்டாங்க. சில பேர் செத்துட்டாங்க.

சேருவீங்களா?

டாம் வார்ட் சேர்றான். வயசு 13 ஆகப்போகுது. அவன்கிட்ட யாரும் விருப்பம் கேட்கலை, அது வேற விஷயம்.

புத்தகத்தோட பேரு 'தி ஸ்பூக்ஸ் அப்ரண்டிஸ்'. எழுதினவர் ஜோசப் டெலானி. 2004ல இங்கிலாந்துல வந்தது. அமெரிக்காவுல இந்த வரிசைக்கே 'தி லாஸ்ட் அப்ரண்டிஸ்'னு பேர் மாத்திட்டாங்க. முதன்மைக் கதை மொத்தம் 13 புத்தகம், 2013ல முடிஞ்சது. பின் அட்டையில "இருட்டின பிறகு படிக்காதீங்க"ன்னு ஒரு எச்சரிக்கை வேற இருக்கும். சின்னப் பசங்க செக்‌ஷன்ல வெச்சிருப்பாங்க. அதை நம்பி கையில எடுத்தா, ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து போறதுக்கே யோசிப்பீங்க.

எழுத்தாளரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா அது கதைக்குள்ள இருக்கு. டெலானி 1945ல லங்காஷயர்ல, பிரெஸ்டன் நகரத்துல பிறந்தவர். இளவயசுல ஃபிட்டர் அப்ரண்டிஸா வேலை பார்த்தார். ஆமாங்க, ஸ்பேனர் பிடிக்கிற ஃபிட்டர்தான். அப்புறம் படிச்சு, லங்காஸ்டர் பல்கலைக்கழகம் போய், பிளாக்பூல்ல ஆசிரியரா ஆனார். அவர் குடியேறின ஊர் ஸ்டால்மின்னு ஒரு சின்னக் கிராமம். அந்த ஊருக்குன்னு சொந்தமா ஒரு போகார்ட் உண்டு. போகார்ட்னா வட இங்கிலாந்து நாட்டுப்புறக் கதைகள்ல வர்ற ஒரு மாதிரி குட்டிச்சாத்தான். சில சமயம் பாத்திரத்தை உருட்டும், சில சமயம் மாட்டைக் கொல்லும். ஸ்டால்மின் போகார்டை ஒரு வீட்டு வாசற்படிக்கு அடியில கட்டிப் போட்டிருக்கறதா அந்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க. 1983ல டெலானி தன் நோட்டுல, போகார்டுகளைப் பிடிக்கிற ஒரு ஆளைப் பத்தி ஒரு குறிப்பு எழுதி வெச்சார். அவ்வளவுதான். பல வருஷம் கழிச்சு புதுசா ஒரு ஐடியா தேவைப்பட்டப்போ பழைய நோட்டைப் புரட்டினார், அது கண்ணுல பட்டது. முதல் பாகம் வெளிவந்தப்போ அவருக்கு 60 வயசு நெருங்கிடுச்சு. 2022ல இறந்துபோனார்.

20 வருஷம் நோட்டுல தூங்கின ஒரு குறிப்பு. என் நோட்ஸ் ஆப்ல 400 குறிப்பு தூங்குது. அதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம்.

சரி, கதைக்கு வருவோம். டாம் ஒரு விவசாயி வீட்டு ஏழாவது மகன். அவன் அப்பாவும் ஏழாவது மகன். ஏழாவது மகனோட ஏழாவது மகனுக்குத்தான் இந்தப் பேய், ஆவி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். அந்த உலகத்தோட விதி அது. அதுக்கு அடியில இருக்கற கணக்கு மேஜிக் இல்லை, வெறும் வீட்டுக் கணக்கு. பண்ணை ஒண்ணுதான், அது மூத்தவன் ஜாக்குக்குப் போகும். மத்த ஒவ்வொருத்தனுக்கும் அப்பா எங்கேயாவது ஒரு தொழில் தேடிக் கொடுக்கணும். ஏழாவது பையன் வர்றப்போ இடம் எல்லாம் தீர்ந்துபோச்சு. அதனால யாரும் போக விரும்பாத தொழில் இவனுக்கு வருது. அப்பா பேசி முடிக்கிறார். ஆனா அம்மா இவன் பிறந்தப்பவே ஸ்பூக்குக்குக் கடிதம் எழுதிட்டாங்க, "உங்க கடைசி அப்ரண்டிஸ் பிறந்துட்டான்"ங்கற மாதிரி. அந்தப் பையனோட வாழ்க்கையை அவன் தொட்டில்ல இருக்கும்போதே எழுதிட்டாங்க.

நான் இன்ஜினியரிங் சேர்ந்த கதையும் இதுதான்னு சொன்னா சிரிப்பீங்க. ஆனா கேட்டுட்டு இருக்கற பாதிப் பேருக்கு அதே கதைதான்.

'ஸ்பூக்' அப்படிங்கறது பதவிப் பேரு. ஆளோட பேர் ஜான் கிரெகரி. உயரமான வயசான மனுஷன், தொப்பி வெச்ச நீள அங்கி, கையில ரோவன் மரத்துல செஞ்ச தடி, பையில வெள்ளிச் சங்கிலி, அங்கிப் பாக்கெட்ல உப்பும் இரும்புத்தூளும். பாதிரியார் கிடையாது. மந்திரவாதியும் கிடையாது. மந்திரமே போடமாட்டார். அவர்கிட்ட இருக்கறது முழுக்கக் கருவியும் கைப்பழக்கமும்தான். எனக்கு இந்தத் தொடர் பிடிச்சதுக்கு முதல் காரணம் இதுதான். ஃபேன்டஸியில ஹீரோவுக்கு ஒரு கட்டத்துல கையில இருந்து வெளிச்சம் வரும். இங்க அது வராது. டாம் தோட்டத்துல ஒரு கம்பத்தை நட்டு, வெள்ளிச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப எறிஞ்சு பழகுறான். நூறு தடவை எறிஞ்சா சில தடவை விழும். அடுத்த நாள் மறுபடியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இன்டர்வியூ எப்படின்னு சொல்றேன். ஹார்ஷாங்கற ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். வாட்டரி லேன்னு ஒரு தெரு, அதுல கடைசி வீடு, 13ஆம் நம்பர். ஸ்பூக் பையனை உள்ளே அனுப்பி ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து, "நடுராத்திரி நிலவறைக்குள்ள போ"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறார். மெழுகுவத்தி அணையுது. கீழே இருந்து யாரோ மண் தோண்டுற சத்தம். ஒரு சுரங்கத் தொழிலாளி தன் பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டுக் கொன்னு, அந்த நிலவறையிலதான் குழி தோண்டிப் புதைச்சிருக்கான். அவன் செத்த பிறகும் இன்னும் தோண்டிக்கிட்டே இருக்கான்.

டாம் கீழே இறங்கறான். தைரியசாலிங்கறதுனால இல்லை. திரும்பிப் போனா அப்பா மூஞ்சியை எப்படிப் பார்க்கறது, அம்மா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சு இறங்கறான். 12 வயசுப் பையன் பேயைவிட வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்குத்தான் அதிகமா பயப்படறான். அந்த அத்தியாயம் முழுக்க எனக்குப் பேய் நினைவுல நிக்கலை, அந்தப் பயம்தான் நிக்குது.

ஸ்பூக்கோட எல்லா அப்ரண்டிஸும் இந்த வீட்டுல ஒரு ராத்திரி இருந்து பார்த்தவங்கதான். அந்தப் பேயை அவர் நினைச்சா என்னைக்கோ அனுப்பி வெச்சிருக்கலாம். டெஸ்ட் என்விரான்மென்ட்டா வெச்சிருக்கார். மனுஷனோட குணம் அங்கேயே தெரிஞ்சுடுது. ஒரு ஆத்மா வருஷக்கணக்கா தோண்டிக்கிட்டு இருக்கு, இவருக்கு அது ஒரு நுழைவுத் தேர்வு. இந்த நெருடலைக் கொஞ்சம் ஓரமா வெச்சுக்கங்க. பின்னாடி வருது.

அடுத்தது சிப்பெண்டன் வீடு. ஸ்பூக்கோட கோடைகால வீடு அது. காலையில சமையல் பண்றது ஒரு போகார்ட். கண்ணுக்குத் தெரியாது. மணி அடிச்ச பிறகுதான் கீழே வரணும், முன்னாடியே வரக்கூடாதுன்னு ரூல். டாம் முதல் நாளே சீக்கிரம் வந்துடறான், காதுல ஒரு அறை விழுது. மேலே அவன் படுக்குற ரூம் சுவர்ல முன்னாடி இருந்த பசங்க எல்லாம் பேர் எழுதி வெச்சிருக்காங்க. ஹாஸ்டல் ரூம் பீரோவுக்குள்ள சீனியர்ஸ் பேர் இருக்குமே, அதே மாதிரி. ஒரே வித்தியாசம், இங்க அந்தப் பேர்கள்ல சில பேர் உயிரோட இல்லை.

இனிமே நான் ரொம்ப ரசிச்ச பகுதி. ஸ்பூக் பாடம் நடத்துவார், டாம் நோட்டுல எழுதணும். முதல் வருஷம் போகார்ட், அடுத்தது சூனியக்காரிகள்னு சிலபஸ். எல்லாத்துக்கும் வகைப்பாடு உண்டு. முடி போகார்ட், கல் எறியற போகார்ட், ரத்தம் குடிக்கிற 'ரிப்பர்'. ஒரு போகார்டைக் கட்டிப்போட்ட கல் மேல கிரேக்க எழுத்து பீட்டா செதுக்கி, பக்கத்துல ரோமன் எண் போடுவாங்க. 10ன்னா தொந்தரவு மட்டும்தான். 1ன்னா ஆளைக் கொல்லும். ராத்திரி 2 மணிக்குப் போன் அடிச்சு "பி-1 இன்சிடென்ட்"னு எழுப்பிவிடப்பட்ட யாருக்கும் இந்த இடத்துல வாய்விட்டுச் சிரிப்பு வரும். எனக்கு வந்தது. பெங்களூர்ல ஆன்-கால் ட்யூட்டியில இருந்த ஒரு வாரத்துலதான் இந்தப் புத்தகத்தைப் படிச்சேன். சிவியாரிட்டி லெவல், ரன்புக், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் லங்காஷயர்க் காட்டுக்குள்ள இருக்கு.

ஒரு போகார்டைக் கட்டறது எப்படின்னு டெலானி எழுதியிருக்கறதைப் பாருங்க. முதல்ல மரத்துக்கு அடியில ஆழமா குழி தோண்டணும். எலும்பைக் காய்ச்சி எடுத்த பசையில உப்பும் இரும்புத்தூளும் கலந்து, குழியோட உட்சுவர் முழுக்கப் பூசணும். ஒரு இடம் விடக்கூடாது, ஊசிமுனை அளவு விட்டாலும் அது வெளியே வந்துடும். கல்தச்சன் குழிக்குச் சரியா ஒரு மூடிக்கல் செதுக்கணும். கப்பியும் கயிறும் வெச்சு அதை இறக்க ஒரு ஆள் வேணும். உள்ளே ஒரு தட்டுல ரத்தத்தை வெச்சு இறக்கி, போகார்ட் அதைக் குடிக்க உள்ளே போனதும் கல் கச்சிதமா உக்காரணும்.

ஃபிட்டரா இருந்த ஆள்தான் இப்படி எழுத முடியும். பூதத்தைப் பிடிக்கறதுல பாதி சிவில் வேலை. கூலிக்கு வர்ற தோண்டறவங்க பயந்துட்டா வேலை நின்னுபோகும், மழை பெஞ்சா கயிறு வழுக்கும். எங்க அப்பா அம்பத்தூர்ல ஒரு பட்டறையில அப்ரண்டிஸா ஆரம்பிச்சவர். லேத்துல கை எங்க இருக்கணும், எங்க இருக்கக்கூடாதுன்னு அவருக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுத்ததை இப்பவும் சொல்லுவார். இந்தக் குழி, கல், கயிறு பகுதியை நான் அவருக்குத் தமிழ்ல சொன்னப்போ அவர் பேயைப் பத்திக் கேட்கவே இல்லை. "கல்லை இறக்கும்போது கை உள்ளே மாட்டாம எப்படிப் பார்த்துப்பாங்க?"ன்னு கேட்டார்.

அதேதான் நடந்தது. டாமுக்கு முன்னாடி இருந்த பையன் பேர் பில்லி பிராட்லி. நல்ல பையன், திறமைசாலி. ஒரு ரிப்பரைக் கட்டும்போது மழை. கல் வழுக்கி அவன் கை மேல உக்காந்துடுச்சு. கல்லைத் தூக்கறதுக்குள்ள உள்ளே இருந்த போகார்ட் அவன் விரல்களைத் தின்னுடுச்சு. ரத்தம் போய்ப் பையன் செத்துட்டான். அவனைச் சர்ச் கல்லறைக்குள்ள புதைக்கவும் விடலை. ஸ்பூக்குகளுக்கும் அவங்ககிட்ட வேலை பார்க்கறவங்களுக்கும் புனித மண்ணுல இடம் கிடையாது. வேலிக்கு வெளியே புதைச்சாங்க.

இங்க கொஞ்சம் நிறுத்தறேன். இந்தத் தொடரோட மையமே இந்த வேலிதான்னு எனக்குத் தோணுது. ஸ்பூக் தெருவுல நடந்து வந்தா ஜனங்க எதிர்ப்பக்கம் மாறிப் போறாங்க. மாட்டுத்தொழுவத்துல ஏதாவது ஆனா அவரைத்தான் கூப்பிடறாங்க. வேலை முடிஞ்சதும் காசு பாக்கி வெச்சுடறாங்க, சில பேர் கொடுக்கறதே இல்லை. ஊருக்கு வேணும், ஆனா ஊருக்குள்ள வேணாம். இப்படி ஒரு வரிசை வேலைகள் எல்லா ஊர்லயும் இருக்கு. நம்ம ஊர்ல அது எந்தெந்த வேலை, யார் தலையில அது கட்டப்பட்டிருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. டாம் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அண்ணி எல்லி நல்லாத்தான் பேசறாங்க. ஆனா கைக்குழந்தை இருக்கற வீடு, ராத்திரி நேரத்துல வராதேங்கறதையும் பதமா புரிய வெச்சுடறாங்க. வேலைக்குச் சேர்ந்து சில மாசம்தான் ஆச்சு. சொந்த வீடே கொஞ்சம் தள்ளி உக்கார ஆரம்பிச்சுடுச்சு. பூதம் வர்ற இடத்தையெல்லாம் ஈஸியா கடந்துட்டேன். இந்த ஒரு பக்கத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டு மாடிக்குப் போய் நின்னேன்.

இப்ப ஆலிஸ். (முதல் பாகத்தோட கதை கொஞ்சம் வெளியே வரும், வேணாம்னா ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளிப் போயிடுங்க.)

ஸ்பூக் டாமுக்குச் சொல்ற முதல் அறிவுரைகள்ல ஒண்ணு, ஊர்ப் பொண்ணுங்ககிட்டப் பேசாதே, அதுலயும் கூர்மூக்கு ஷூ போட்டவளைக் கிட்டவே சேர்க்காதே. அடுத்த சில பக்கத்துலயே கூர்மூக்கு ஷூ போட்ட பொண்ணு வந்துடறா. ஊர்ப் பசங்க டாமைச் சுத்தி நின்னு வம்பு பண்ணும்போது காப்பாத்தறா. பதிலுக்கு ஒரு சத்தியம் வாங்கிக்கறா. பேர் ஆலிஸ் டீன். அவ அத்தை போனி லிஸ்ஸி எலும்பு மாயம் பண்ற சூனியக்காரி.

ஸ்பூக் வீட்டுத் தோட்டத்துல கிழக்குப் பக்கம் ஒரு பகுதி இருக்கு. அங்க சூனியக்காரிகளைக் குழியில போட்டு மேலே இரும்புக் கம்பி அடிச்சிருக்கார். செத்தவங்க மட்டும் இல்லைங்க. உயிரோட இருக்கறவங்களும் இருக்காங்க. அதுல ஒருத்தி மதர் மால்கின், ரொம்ப ஆபத்தானவ. சத்தியத்தைக் காப்பாத்தச் சொல்லி ஆலிஸ் கேட்கறது என்னன்னா, ஸ்பூக் ஊர்ல இல்லாத நாட்கள்ல ராத்திரி ஒரு கேக் வீதம் அந்தக் குழிக்குள்ள போடணும். பாவம், பசிக்கும் இல்லையான்னு. டாம் போடறான். அந்தக் கேக்ல ரத்தம் கலந்திருக்கு. அதுல வந்த பலத்துல கிழவி கம்பியை வளைச்சு வெளியே வந்துடறா.

விமர்சனம் எழுதறவங்க இதை "சிறுவனின் தவறு"ன்னு ஒரு வரியில தாண்டிடுவாங்க. எனக்கு அப்படித் தெரியலை. வீட்டுத் தோட்டத்துல உயிரோட ஒரு ஜீவனை மண்ணுக்குள்ள வெச்சிருக்கீங்க. அதுக்குப் பசிக்குதான்னு ஒரு 13 வயசுப் பையன் கேட்கறான். அந்தக் கேள்வி கேட்ட விதம்தான் ஏமாத்து வேலை, கேள்வி தப்பில்லை. ஸ்பூக்குக்கு அந்தக் கேள்வி வந்தே பல வருஷம் ஆயிருக்கும். அவர் சூனியக்காரிகளை எரிக்கமாட்டார், அது கொடுமைன்னு நினைக்கிறார். அதனால குழிக்குள்ள போடறார். அது கருணைன்னு அவரே நம்பறார். எந்த மெக்கானிக்கும் தன் ஷெட்ல வர்ற சத்தத்தைக் கேட்கறது இல்லை, பழகிடும். புதுசா வந்த பையனுக்குத்தான் கேட்கும்.

கதையோட கடைசியில அடுத்த முடிவு வருது. ஆலிஸை என்ன பண்றது? அவ கொலைகாரி இல்லை. ஆனா சூனியக்காரிகளோட வளர்ந்தவ, நாளைக்கு என்ன ஆவான்னு தெரியாது. ஸ்பூக்கோட மனசு குழிப் பக்கம்தான் போகுது. முன்னெச்சரிக்கையா ஒரு சின்னப் பொண்ணை வாழ்நாள் முழுக்க மண்ணுக்குள்ள வைக்கலாம்னு நிஜமாவே யோசிக்கிறார். டாம் மல்லுக்கட்டறான். அப்ரண்டிஸ் முதலாளியை எதிர்த்துப் பேசக்கூடாத உலகம் அது, ஆனாலும் பேசறான். கடைசியா அவளை ஸ்டாமின்ல இருக்கற ஒரு சொந்தக்கார அத்தை வீட்டுக்கு அனுப்பறாங்க. ஸ்பூக் ஏன் இறங்கி வந்தார்ங்கறதுக்கான பதில் 2006ல வந்த மூணாவது பாகம் 'தி ஸ்பூக்ஸ் சீக்ரெட்'ல இருக்கு. அவரோட குளிர்கால வீட்டு நிலவறையில, அவர் காதலிச்ச ஒருத்தியே இருக்கா. மூலிகைத் தேநீர் கொடுத்து எதுவும் நினைவு வராம வெச்சிருக்கார். ஊருக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி. பொண்ணுங்களை நம்பாதேன்னு அவர் ஏன் சொன்னார்னு அங்கதான் புரியும். புரிஞ்சதுக்காக அதை ஏத்துக்கணும்னு இல்லை. எனக்கு அந்த ஆள் மேல கோபம்தான் வந்தது, புத்தகமும் அந்தக் கோபத்துக்கு இடம் கொடுக்குது.

இது வெறும் கற்பனைன்னு விட்டுடவும் முடியாது. டெலானியோட 'கவுன்டி' நிஜ லங்காஷயர்தான். பிரீஸ்டவுன்னா பிரெஸ்டன், காஸ்டர்னா லங்காஸ்டர், சிப்பெண்டன்னா சிப்பிங். பெண்டில் மலைக்கு மட்டும் பேர் மாத்தாம விட்டுட்டார். மாத்த முடியாது. 1612ல அந்த மலையைச் சுத்தி இருந்த குடும்பங்களைச் சூனியக்காரிகள்னு பிடிச்சாங்க. ஆரம்பம் ரொம்பச் சின்னது. அலிசன் டிவைஸ்னு ஒரு பொண்ணு, வழியில போன ஒரு வியாபாரிகிட்ட ஊசி கேட்டா. அவர் கொடுக்கலை. கொஞ்ச நேரத்துல அவர் கீழே விழுந்துட்டார், இன்னிக்குப் பார்த்தா பக்கவாதம்னு சொல்லுவோம். அந்தப் பொண்ணே தன்னோட சாபம்தான்னு நம்பிட்டா. அங்க ஆரம்பிச்சு ஆகஸ்ட் மாசம் லங்காஸ்டர்ல விசாரணை, 10 பேருக்குத் தூக்கு. அரசுத் தரப்போட முக்கியமான சாட்சி யார் தெரியுமா? அலிசனோட தங்கச்சி ஜென்னெட். சுமார் 9 வயசு. உயரம் பத்தலைன்னு மேஜை மேல ஏத்தி நிக்க வெச்சாங்க. தன்னோட அம்மாவுக்கு எதிராவே சாட்சி சொன்னா. அம்மா, அண்ணன், அக்கா மூணு பேரையும் தூக்குல போட்டாங்க.

ரெண்டு பத்து வருஷம் கழிச்சு அதே பகுதியில எட்மண்ட் ராபின்சன்னு 10 வயசுப் பையன் ஒருத்தன் ஊர்ப் பொம்பளைங்களை எல்லாம் கைகாட்டினான். லண்டனுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சப்போ எல்லாம் கட்டுக்கதைன்னு ஒத்துக்கிட்டான்.

இப்ப ஸ்பூக்கோட நோட்டுக்கு வாங்க. சூனியக்காரிகள் நாலு வகைன்னு எழுதச் சொல்றார். தீயவர், நல்லவர், தான் யாருன்னே தெரியாதவர், பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவர். அந்த நாலாவது வகைக்குள்ள பெண்டில்ல தூக்குல தொங்கினவங்க எல்லாரும் இருக்காங்க. நாவல்ல 'மால்கின்'ங்கற பேரை ஒரு கொடூரமான குலத்துக்கு வெச்சிருக்கார் டெலானி. அந்த மக்கள் கூடின வீட்டோட பேர்தான் மால்கின் டவர். நிஜத்துல ஏழைங்க, பிச்சை எடுத்தும் நாட்டு வைத்தியம் பார்த்தும் பிழைச்சவங்க. அவங்களைக் கதையில நிஜமாவே ரத்தம் குடிக்கிறவங்களா ஆக்கினது எனக்கு இன்னும் உறுத்தலாத்தான் இருக்கு. நாலாவது வகைன்னு ஒரு வரி எழுதினது அதுக்கு ஈடாகுமா? என் கணக்குல ஆகலை. ஆனா ஆலிஸ்ங்கற கேரக்டரை 13 புத்தகம் முழுக்க, நல்லவளா கெட்டவளான்னு முத்திரை குத்தாமலே கொண்டுபோனதுல அவர் ஏதோ ஒரு கடனை அடைக்கப் பார்க்கறார்னு தோணுது.

ரெண்டாவது பாகத்துல ஒரு மதவிசாரணை அதிகாரி வர்றார், குவிசிட்டர்னு பேர். அவருக்கு ஸ்பூக்கும் சூனியக்காரியும் ஒண்ணுதான், ரெண்டு பேரையும் எரிக்கணும். குழி தோண்டி ஆள் அடைச்சவரே இப்ப இன்னொருத்தர் பட்டியல்ல பூதம். டாம் அப்போ ரெண்டு பக்கமும் பார்த்துட்டு நடுவுல நிக்கறான்.

படத்தைப் பத்திக் கேட்பீங்க. 'செவன்த் சன்'னு 2014 கடைசியில வர ஆரம்பிச்சது, அமெரிக்காவுல 2015 பிப்ரவரி. ஜெஃப் பிரிட்ஜஸ், ஜூலியன் மூர், அலீசியா விகாண்டர், ஒரு சின்ன ரோல்ல பில்லியா கிட் ஹாரிங்டன்கூட இருக்கார். இயக்கம் செர்கெய் போத்ரோவ். டாமை நல்லா வளர்ந்த இளைஞனா மாத்திட்டாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சது. 12 வயசுல நிலவறைக்குள்ள இறங்கறதும் 20 வயசுல வாளோட இறங்கறதும் ஒண்ணா? நோட்டு இல்லை, எலும்புப் பசை இல்லை, சமையல்கார போகார்ட் இல்லை. டிராகன் இருக்கு. பஸ்ல போகும்போது பார்க்கலாம்.

கடைசியா ஒண்ணு. இதுவும் ஸ்பாய்லர்தான், ஏழாவது பாகம். ஸ்பூக் வீட்டுல ஒரு நூலகம் இருக்கும். தலைமுறை தலைமுறையா ஸ்பூக்குகளும் அப்ரண்டிஸ்களும் எழுதி வெச்ச நோட்டுகள். எந்த போகார்ட் எங்க கட்டப்பட்டிருக்கு, எது வேலை செஞ்சது, யார் எப்படிச் செத்தாங்க, எல்லாம். போர் வருது. படைவீரர்கள் வந்து வீட்டைக் கொளுத்திடறாங்க. காப்பி எதுவும் கிடையாது. என் கூட வேலை பார்க்கற ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன், "பேக்கப் எடுக்கலையா?"ன்னு உடனே கேட்டார். அவர் குரல்ல நிஜமான வேதனை இருந்தது.

கிரெகரி தானே எழுதின ஒரு நோட்டும் உண்டு. அந்த நோட்டையே 'தி ஸ்பூக்ஸ் பெஸ்டியரி'ன்னு 2010ல தனிப் புத்தகமா போட்டாங்க, படங்களோட. டாமோட நோட்டுகளும் இருக்கு, அவன் கையெழுத்துல. 29 பேருக்கும் இதே பாடத்தைத்தான் சொல்லியிருப்பார். எழுதி வெச்சு, உயிரோடயும் இருந்து, அதைத் திருப்பிக் கொடுக்க ஆள்னு மிஞ்சினது இவன் ஒருத்தன்.

படிக்க ஆரம்பிக்கணும்னா முதல் மூணு பாகத்தை ஒரே மூச்சுல படிங்க, இங்கிலீஷ் ரொம்ப எளிமைதான். நாலாவது பாகத்துல பெண்டில் வருது, அது கொஞ்சம் நீளம். அதுக்கப்புறம் கிரீஸ், அது இதுன்னு ஊர் சுத்த ஆரம்பிச்சுடும், எனக்கு லங்காஷயர் மழையும் சேறும் இருந்த பாகங்கள்தான் பிடிச்சது. ராத்திரி படிக்கலாமான்னு கேட்டா, ஹெட்போன் போடாம படிங்க, வீட்டுல மத்த சத்தம் கேட்கட்டும்.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. உங்க முதல் வேலையில முதல் நாள் உங்களை எந்த நிலவறைக்கு அனுப்பினாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள. கம்பெனி பேர் மட்டும் சொல்லாதீங்க, நான் எடிட் பண்ண வேண்டியிருக்கும். வர்றேன்.